ஆன்டிபாடியைச் சுத்தம் செய்வது எப்படி: புரோட்டீன் ஏ முதல் கடைசி ஃப்ளோ-த்ரூ வரை

டவுன்ஸ்ட்ரீம் வேலைக்கு, அதாவது செல் வளர்ப்புத் திரவத்திலிருந்து புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலைக்கு, புதிதாக வருகிறவர்களின் கண் முதலில் போவது திரையில் எழும் அந்தப் பெரிய யு.வி. பீக் மேல்தான். பீக் அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு. உண்மையில் ஒரு குரோமடோகிராபி ரன் (ரெசின் மணிகள் நிரப்பிய குழல் வழியாகத் திரவத்தை ஓட்டிப் புரதங்களைப் பிரிப்பது) உருப்படுவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பஃபரின் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசலின்) பி.எச். சரியா, லோடின் (குழலில் ஏற்றும் திரவத்தின்) கண்டக்டிவிட்டி, அதாவது மின்கடத்து திறன், எவ்வளவு, ரெசின் ஒழுங்காக நிரம்பியிருக்கிறதா, எவ்வளவு புரதம் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டாயிற்றா: இந்த நாலும்தான் பாதி வேலை. அதனால் இங்கே பீக்கைவிட இவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம், சி.எச்.ஓ. செல்களில் (சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த செல்கள்) வளர்த்த ஒரு ஐ.ஜி.ஜி.1 வகை மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே செல் குலத்திலிருந்து வரும், ஒரே மாதிரியான நோயெதிர்ப்புப் புரதம்). மருந்துத் தொழிற்சாலைகளில் அதிகம் ஓடுவது இதுதான், வழிமுறையும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: புரோட்டீன் ஏ, பிறகு குறைந்த பி.எச்.சில் வைரஸ் செயலிழப்பு, பிறகு கேட்டயான் எக்ஸ்சேஞ்ச் (நேர்மின்னேற்றமுள்ளதைப் பிடிக்கும் ரெசின்), பிறகு ஆனயான் எக்ஸ்சேஞ்ச் (எதிர்மின்னேற்றமுள்ளதைப் பிடிக்கும் ரெசின்), வைரஸ் ஃபில்டர், கடைசியில் செறிவூட்டிப் பஃபரை மாற்றும் யு.எஃப்.டி.எஃப். அளவு சின்னதாகவே வைத்துக்கொள்வோம்: 1.6 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழல், 20 செ.மீ. பெட் உயரம். ரெசின் கன அளவு சுமார் 40 மி.லி. வரும். இந்தக் கன அளவைத்தான் எல்லோரும் சி.வி. என்பார்கள், இனி எல்லாக் கணக்கும் அதை வைத்தே.

லோடு எப்படி இருக்க வேண்டும்

செல் வளர்ப்பு முடிந்து, சென்ட்ரிஃபியூஜ், டெப்த் ஃபில்டர் எல்லாம் தாண்டி, 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிய திரவம்தான் உங்கள் கைக்கு வரும், இதைத்தான் ஹார்வெஸ்ட் என்பார்கள். அது நேற்று வடிகட்டியதாக இருந்தால்கூட, ஏற்றுவதற்கு முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசாகக் கலங்கியிருந்தாலும் மறுபடி 0.2 மைக்ரான் வழியாக விடுங்கள். புரோட்டீன் ஏ ரெசின் லிட்டருக்குப் பல லட்சம் ரூபாய், ஒரு ஃபில்டர் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அடைத்துக்கொண்ட ரெசினை மீட்பது பெரிய தலைவலி.

அடுத்து டைட்டர், அதாவது லிட்டருக்கு எத்தனை கிராம் ஆன்டிபாடி. இதை 280 நானோமீட்டரில் யு.வி. வைத்து அளக்க முடியாது, ஏனென்றால் ஹார்வெஸ்டில் செல்லின் சொந்தப் புரதங்கள், மீடியாவின் பொருட்கள் எல்லாம் சேர்ந்து அங்கேயே ஒளியை விழுங்கும். சின்ன புரோட்டீன் ஏ குழலில் ஓட்டும் எச்.பி.எல்.சி. (உயர் அழுத்தக் குரோமடோகிராபி) முறையில்தான் டைட்டர் எடுக்க வேண்டும். 4 கிராம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்கு. உங்கள் ரெசினின் டைனமிக் பைண்டிங் கெப்பாசிட்டி (திரவம் ஓடிக்கொண்டிருக்கும்போது ரெசின் பிடிக்கக்கூடிய அளவு), 10 சதவீதம் ஒழுகத் தொடங்கும் புள்ளியில், மி.லி.க்கு 50 மி.கி. என்று அளந்திருக்கிறீர்கள் என்றால், அதில் 80 சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். மி.லி.க்கு 40 மி.கி., 40 மி.லி. ரெசினுக்கு 1,600 மி.கி., 4 கிராம் டைட்டரில் அது 400 மி.லி. ஹார்வெஸ்ட். விற்பனை அட்டையில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அது அவர்களுடைய ஆன்டிபாடி, அவர்களுடைய ஓட்ட வேகம். உங்கள் மூலக்கூறில் வேறு எண் வரும்.

ஓட்ட வேகம் என்றதும் ரெசிடென்ஸ் நேரம். ஒரு துளி பெட்டைக் கடக்க எடுக்கும் நேரம் அது. 20 செ.மீ. பெட்டில் மணிக்கு 300 செ.மீ. வேகம் என்றால் 4 நிமிடம், நம் குழலில் அது நிமிடத்துக்கு 10 மி.லி. ஆன்டிபாடி ஏறக்குறைய 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு, ரெசின் மணியின் துளைக்குள் நுழைந்து உள்ளே போய் ஒட்ட அதற்கு அவகாசம் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் கெப்பாசிட்டி குறையும். எனவே கெப்பாசிட்டியைச் சொல்லும்போது எத்தனை நிமிட ரெசிடென்ஸ் என்று சேர்த்துச் சொல்லாத எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை.

குழல் நிரம்பியது சரியா

ரெசின் கலவையை ஒரே மூச்சில், குழலின் உள்சுவரோடு ஒட்டி ஊற்ற வேண்டும். பாதி ஊற்றிவிட்டுப் போன் பேசிவிட்டு வந்து மீதியை ஊற்றினால் நடுவில் ஒரு அடுக்கு உருவாகும், கண்ணுக்குத் தெரியாது, ஓட்டத்துக்குத் தெரியும். நிரப்பும் வேகம், பிறகு ஓட்டப்போகும் வேகத்தைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ரன் நடுவில் பெட் மேலும் அமுங்கி, மேல் அடாப்டருக்கும் ரெசினுக்கும் இடையே ஒரு இடைவெளி வந்துவிடும்.

நிரப்பியதும் நம்பிவிடாதீர்கள், சோதியுங்கள். 1 சதவீத அசிட்டோனை சி.வி.யில் 1 முதல் 2 சதவீதம் வரை உள்ள சிறு அளவில் செலுத்தி, மெதுவான ஓட்டத்தில், யு.வி. பீக்கைப் பாருங்கள். பீக் உயரத்தின் 10 சதவீதத்தில் கோடு போட்டு, பின்பாதி அகலத்தை முன்பாதி அகலத்தால் வகுத்தால் அசிம்மெட்ரி. 0.8 முதல் 1.8 வரை பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். 1.8-க்கு மேல் போனால் வால் நீள்கிறது, பெட் தளர்வு அல்லது குழாய்களில் தேவையில்லாத இடம். 0.8-க்குக் கீழே என்றால் அதிகமாக அமுக்கிவிட்டீர்கள், அல்லது பெட்டில் விரிசல். கூடவே ஹெச்.இ.டி.பி. எனப்படும் தட்டு உயரத்தையும் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அந்த எண்ணின் மதிப்பு இன்று தெரியாது, ஐம்பது ரன் கழித்து மறுபடி சோதித்து ஒப்பிடும்போதுதான் தெரியும்.

காற்றுக் குமிழி பற்றி ஒரு வார்த்தை. பஃபரை குளிர் அறையிலிருந்து எடுத்து உடனே ஓட்டினால், அறை வெப்பத்தில் சூடாகும்போது கரைந்திருந்த காற்று வெளியே வந்து பெட்டின் உச்சியில் வெள்ளி வளையம்போல் உட்கார்ந்துகொள்ளும். பஃபர் அறை வெப்பத்துக்கு வரட்டும், அதற்குப் பிறகு ஓட்டுங்கள்.

புரோட்டீன் ஏ: ஏற்று, கழுவு, இறக்கு

புரோட்டீன் ஏ என்பது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் புறச்சுவரில் இருக்கும் புரதம். ஆன்டிபாடியின் எஃப்.சி. பகுதியை (ஒய் வடிவ மூலக்கூறின் அடித்தண்டை) பிடித்துக்கொள்ளும். ஐ.ஜி.ஜி.1, 2, 4 மூன்றையும் நன்றாகப் பிடிக்கும், 3-ஐப் பெரும்பாலும் பிடிக்காது. எஃப்.சி. இல்லாத துண்டு ஆன்டிபாடி வைத்திருக்கிறீர்கள் என்றால் பொதுவாக இது உங்களுக்கு உதவாது, வேறு ரெசின் பார்க்க வேண்டும்.

சமநிலைப்படுத்த 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 150 மில்லிமோலார் உப்பு, பி.எச். 7.2 போதும். 5 சி.வி. ஓட்டி, வெளியே வரும் திரவத்தின் பி.எச்.சும் கண்டக்டிவிட்டியும் உள்ளே போகிற பஃபரோடு ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு ஹார்வெஸ்டை ஏற்றுங்கள். ஹார்வெஸ்டின் பி.எச்., உப்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை, அதுதான் இந்த ரெசின் மேல் எல்லோருக்கும் இருக்கும் காதலுக்குக் காரணம்.

ஏற்றும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ஒட்டாத புரதமெல்லாம் ஃப்ளோ-த்ரூவில் (ஒட்டாமல் நேரே வெளியே வரும் திரவத்தில்) போகும்போது யு.வி. ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும். உங்கள் ஆன்டிபாடியும் அதோடு சேர்ந்து ஒழுகினால் திரையில் ஒன்றும் தெரியாது. கோடு நேராகத்தான் போகும். அதனால் புதிய செயல்முறை என்றால் ஃப்ளோ-த்ரூவைப் பகுதி பகுதியாகப் பிடித்து, கடைசிப் பகுதிகளில் எச்.பி.எல்.சி. ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். மகசூல் 85 சதவீதம் என்று வந்து எங்கே போனது என்று தேடுகிறவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கழுவுவது இரண்டு கட்டம். முதலில் சமநிலை பஃபராலேயே, யு.வி. இறங்கும் வரை. அப்புறம் 0.5 முதல் 1 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்த பஃபரில் 5 சி.வி. செல்லின் சொந்தப் புரதங்களில் பல, ரெசினில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, உங்கள் ஆன்டிபாடி மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் பஃபரால் போகாது. உப்போடு ஆர்ஜினின் சேர்த்தும் சிலர் கழுவுகிறார்கள், நல்ல பலன் தரும், ஆனால் அந்தச் செலவு உங்கள் மூலக்கூறுக்குத் தேவைதானா என்று முதலில் உப்பை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். உப்புக் கழுவல் முடிந்ததும் உப்பு குறைந்த பஃபர் 2 சி.வி. ஓட்டி உப்பை வெளியேற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்த உப்பு பூலோடு (இறக்கிச் சேகரிக்கும் ஆன்டிபாடித் திரவத்தோடு) சேர்ந்து போய் கேட்டயான் எக்ஸ்சேஞ்சில் கழுத்தைப் பிடிக்கும்.

இறக்குவது அமிலத்தில். 100 மில்லிமோலார் அசிட்டேட், பி.எச். 3.5 ஒரு நல்ல தொடக்கம். அந்த பி.எச்.சில் பிணைப்பிடத்தில் உள்ள ஹிஸ்டிடின்கள் நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ள, பிடி விட்டுப்போகிறது. 3.0 வரை இறக்கினால் பீக் கூர்மையாக வரும், ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று ஒட்டி அக்ரிகேட் ஆவதும் கூடும். அதனால் 3.8, 3.6, 3.4 என்று படிப்படியாக ஓட்டிப் பார்த்து, முழுவதும் இறங்கும் மிக உயர்ந்த பி.எச்.சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூல் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? யு.வி. ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது ஒரு அளவு என்று எண்ணாகவே வையுங்கள். பார்வைக்கு விட்டால் இரண்டு பேர் ஓட்டும் ரன்னில் இரண்டு பூல் வரும். வால் நீளமாக இழுத்தால் 3 சி.வி.யோடு நிறுத்திவிடலாம்.

அமிலத்தில் ஒரு மணி நேரம்

பூலின் பி.எச். 3.5 இருக்கும் என்று நினைப்பீர்கள், அளந்தால் 3.9 அல்லது 4.1 காட்டும். குழலுக்குள் இருந்த கழுவு பஃபரும் ஆன்டிபாடியின் சொந்தப் பஃபர் திறனும் சேர்ந்து உயர்த்திவிடும். அதனால் அமிலம் சேர்த்து 3.6-க்கு இறக்கி, அறை வெப்பத்தில் 60 நிமிடம் வைக்க வேண்டும். உறையுள்ள வைரஸ்கள் இதில் செயலிழக்கும். பி.எச். மீட்டரை அன்றே 4-லும் 7-லும் கேலிபரேட் செய்திருக்க வேண்டும், இந்த இடத்தில் 0.2 தவறினால் அது வெறும் எழுத்துப் பிழை இல்லை.

பாத்திரச் சுவரில் தெறித்த துளிகள் அமிலத்தில் சரியாகக் கலக்காமல் தப்பிவிடும் என்பதால் பி.எச். சரிசெய்ததும் திரவத்தை வேறொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி, அங்கே நேரத்தை எண்ணத் தொடங்குவது வழக்கம். சின்ன விஷயம், ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்கிற விஷயமும்கூட.

பிறகு 1 மோலார் டிரிஸ் (காரப் பக்கமுள்ள ஒரு பஃபர்) சேர்த்து பி.எச்.சை 5.0 அல்லது 5.5-க்கு ஏற்றுங்கள். மெதுவாக, கலக்கிக்கொண்டே, சொட்டுச் சொட்டாக. இங்கேதான் தெளிவாக இருந்த பூல் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது செல்லின் டி.என்.ஏ.வும் சொந்தப் புரதங்களும் சேர்ந்து வீழ்படிவாவது, டெப்த் ஃபில்டரில் வடிகட்டினால் பாதி அழுக்கு இலவசமாகப் போயிற்று. வடிகட்டிய பிறகு செறிவை அளந்து பாருங்கள், அதுவும் விழுந்திருந்தால் உங்கள் ஆன்டிபாடியும் சேர்ந்து விழுகிறது என்று அர்த்தம், அப்போது டிரிஸை இன்னும் மெதுவாகச் சேர்க்க வேண்டும்.

டிரிஸ் என்றதும் ஒன்று. அதன் பி.எச். வெப்பநிலைக்கு ஏற்ப ஆடும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03. 25 டிகிரியில் 8.0 வைத்துக் கலக்கிய டிரிஸ், 4 டிகிரி குளிர் அறையில் 8.6 பக்கம் போய்விடும். எந்த வெப்பத்தில் பயன்படுத்தப்போகிறீர்களோ அந்த வெப்பத்திலேயே பி.எச். வையுங்கள்.

கேட்டயான் எக்ஸ்சேஞ்ச்: அக்ரிகேட்டை வெட்டும் இடம்

நம் ஆன்டிபாடியின் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளி (மொத்த மின்னேற்றம் சுழியாகும் பி.எச்.) 8 முதல் 9 என்று வைத்துக்கொண்டால், பி.எச். 5.0-ல் அது நன்றாக நேர்மின்னேற்றத்தோடு இருக்கும், எதிர்மின்னேற்றமுள்ள ரெசினில் ஒட்டும். லோடின் கண்டக்டிவிட்டி செ.மீ.க்கு 5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள், பிறகு பி.எச்.சை மறுபடி அளந்து பாருங்கள். இந்த இரண்டு எண்களை எழுதாமல் லோடு செய்கிறவரைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

முதல் ரன்களில் படிநிலை எல்யூஷனுக்கு (உப்பை ஒரேயடியாகக் கூட்டி ஆன்டிபாடியை இறக்குவதற்கு) ஓடாதீர்கள். உப்பு 0-விலிருந்து 500 மில்லிமோலார் வரை 20 சி.வி.யில் நேர்கோடாக ஏறும் கிரேடியன்ட் ஓட்டி, அரை சி.வி. பகுதிகளாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் எஸ்.இ.சி. (அளவு வாரியாகப் பிரிக்கும் முறை) ஓட்டி அக்ரிகேட் சதவீதத்தைப் பாருங்கள். அக்ரிகேட்டுக்கு மின்னேற்றமுள்ள இடங்கள் அதிகம், இறுக்கமாக ஒட்டும், அதனால் பீக்கின் வாலில் வரும். பகுதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது முதல் பாதி ஒரு சதவீதத்துக்கும் கீழே, பிறகு திடீரென்று 3, 7, 15 என்று ஏறுவது தெரியும். எங்கே வெட்டுவது என்பது அங்கேதான் முடிவாகிறது. வாலை முழுவதும் எடுத்தால் மகசூல், வெட்டினால் தூய்மை, இரண்டில் எது என்பது அடுத்த படி எவ்வளவு சுத்தம் செய்யும் என்பதைப் பொறுத்தது. கிரேடியன்ட்டில் கிடைத்த உப்பு அளவை வைத்து, பிறகு ஒரே படி எல்யூஷனாக மாற்றிக்கொள்ளலாம், தொழிற்சாலையில் ஓட்ட அதுதான் எளிது.

புரோட்டீன் ஏ ரெசினிலிருந்து கழன்று வந்த புரோட்டீன் ஏ துணுக்குகளும் இந்தப் படியில் குறையும்.

ஆனயான் எக்ஸ்சேஞ்ச்: இதில் ஒட்டக் கூடாது

இங்கே தலைகீழ். பி.எச். 7.5 பக்கம், ஆன்டிபாடி ஒட்டாமல் நேராக வெளியே போக, எதிர்மின்னேற்றமுள்ள டி.என்.ஏ., எண்டோடாக்சின் (பாக்டீரியச் சுவரின் நச்சு), பல வைரஸ்கள், அமிலத்தன்மையுள்ள சொந்தப் புரதங்கள் எல்லாம் ரெசினில் மாட்டிக்கொள்ளும். ஒட்டுவது அழுக்கு மட்டும் என்பதால் மி.லி. ரெசினுக்கு 100 முதல் 200 மி.கி. வரைகூட ஏற்றலாம். ரெசினுக்குப் பதில் கியூ மெம்ப்ரேன் (அதே வேலை செய்யும் நேர்மின்னேற்றச் சவ்வு) பயன்படுத்துகிறவர்களும் உண்டு, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவதற்கு அது வசதி. கவனிக்க வேண்டியது ஒன்றே: உங்கள் ஆன்டிபாடியின் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளி 7.5 பக்கம் இருந்தால் அதுவும் ஒட்டத் தொடங்கும், அப்போது பி.எச்.சைக் குறைக்க வேண்டும்.

இந்த மூன்று படிகளும் ஏன் இந்த வரிசையில் என்றால், ஒவ்வொன்றும் மற்றொன்றால் முடியாததைச் செய்கிறது. அதனால் ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஒரே சோதனையை மறுபடி மறுபடி ஓட்டாமல், அந்தப் படி எதை எடுக்க வேண்டுமோ அதை அளந்து பாருங்கள். கடைசியில் செல்லின் சொந்தப் புரதம் 100 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்குக்கு, கீழே, டி.என்.ஏ. ஒரு டோஸுக்கு 10 நானோகிராமுக்குள் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பு, இவைதான் வழக்கமான இலக்கு. இன்சுலின் போன்ற சின்னப் புரதங்களுக்கு இந்த வரிசை செல்லாது, அங்கே ரிவர்ஸ்-ஃபேஸ் எச்.பி.எல்.சி. வந்துவிடும், அது தனிக் கதை.

ஒவ்வொரு ரன்னுக்கும் பொருள் கணக்குப் போடுங்கள்: ஏற்றிய மி.கி. ஒரு பக்கம், ஃப்ளோ-த்ரூ, கழுவல், பூல், ஸ்ட்ரிப் (ரெசினில் மிச்சமிருப்பதை உரித்தெடுக்கும் கடைசிக் கழுவல்) எல்லாம் கூட்டியது இன்னொரு பக்கம். 95-க்கும் 105 சதவீதத்துக்கும் இடையில் வராவிட்டால் அடுத்த ரன்னுக்குப் போகாதீர்கள். 110 வருகிறது என்றால் புரதம் பெருகிவிடவில்லை, செறிவை அளந்ததில் எங்கோ தவறு.

கழுவி வைப்பது

பழைய இயற்கைப் புரோட்டீன் ஏ, காரத்தைத் தாங்காது. இப்போது வரும் ரெசின்களில் காரத்தைத் தாங்கும்படி மாற்றியமைத்த வடிவம் இருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் 0.1 முதல் 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 15 நிமிடம் விடலாம், தயாரிப்பாளர் சொல்லும் வரம்பைத் தாண்டாமல். அயான் எக்ஸ்சேஞ்ச் ரெசின்கள் பொதுவாக 1 மோலாரையும் தாங்கும். அமிலத்திலிருந்து நேரே காரத்துக்குத் தாவாமல் நடுவில் பஃபரோ தண்ணீரோ ஓட்டுங்கள்.

சேமிப்பது 20 சதவீத எத்தனாலில். இதற்கு முன் தண்ணீர் ஓட்டி உப்பை வெளியேற்றுங்கள், பாஸ்பேட் உப்பு எத்தனாலைப் பார்த்ததும் படிகமாக விழும். எத்தனால் கரைசல் தண்ணீரைவிடப் பிசுபிசுப்பு அதிகம், அதே வேகத்தில் ஓட்டினால் அழுத்தம் எகிறி அலாரம் அடிக்கும். வேகத்தைப் பாதியாக்குங்கள்.

பெரிய அளவுக்குப் போகும்போது

பெட் உயரத்தையும் ரெசிடென்ஸ் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு விட்டத்தை மட்டும் கூட்டுங்கள். 2,000 லிட்டர் பயோரியாக்டர், 4 கிராம் டைட்டர் என்றால் கையில் 8 கிலோ ஆன்டிபாடி. 60 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரம் உள்ள குழலில் சுமார் 56 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 40 கிராம் வீதம் ஒரு சுற்றில் 2.2 கிலோ பிடிக்கும், ஆக நான்கு சுற்று. மணிக்கு 300 செ.மீ. வேகத்தில் ஓட்டம் மணிக்கு 850 லிட்டர் பக்கம் வரும், பம்ப் அதைத் தாங்குமா என்று பாருங்கள். சின்னக் குழலில் கண்ணாடிச் சுவரே ரெசினைத் தாங்கிப் பிடித்தது, பெரியதில் அந்தத் தாங்கல் இல்லை, அதே வேகத்தில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

எல்லோரும் கோட்டைவிடுவது பஃபர் கணக்கில்தான். ஒரு சுற்றுக்குச் சமநிலை, கழுவல், எல்யூஷன், ஸ்ட்ரிப், காரம், மறுபடி சமநிலை எல்லாம் சேர்ந்து 25 சி.வி. என்றாலே 1,400 லிட்டர், நான்கு சுற்றுக்கு 5,600 லிட்டர். அதைக் கலக்க டாங்க், வைக்க இடம், வடிகட்ட ஃபில்டர், கலக்கும் ஆளுக்கு ஷிஃப்ட், இதெல்லாம் ரன் அட்டவணை போடும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.